அங்கிட்டுச் சொல்லு

ஆதனக்கோட்டையைத் தாண்டித் தஞ்சாவூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு முந்திரி ஆலை இருக்கிறது. அங்கே மேனேஜராகச் சேர்ந்த முதல் நாள், என்னுடைய வேலைகள் என்னென்ன என்று முதலாளி ரத்தினவேலிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். "அங்கிட்டுக் கேளு ஆத்தா" என்றார். மகள் வயதுப் பெண்கள் எல்லோரும் அவருக்கு ஆத்தாதான்.

அங்கிட்டு என்றால் அதே அறையில், அவருடைய முதுகுக்குப் பின்னால். அங்கே இன்னொரு மேசை போட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அவருடைய தம்பி குணசேகரன் உட்கார்ந்திருந்தார். ஆலையில் இருவருக்கும் சரிபாதிப் பங்கு. ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் மற்றவர் நாற்காலியில் இடிக்கும். நான் கேட்டது தம்பியின் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் நான் அந்தப் பக்கம் போய் அதே கேள்வியை முதல் வார்த்தையிலிருந்து மறுபடி கேட்கும்வரை அவர் கைப்பேசியிலிருந்து நிமிரவில்லை.

"அவரு என்ன சொல்றாரு?" என்றார்.

"உங்களைக் கேக்கச் சொன்னாங்க சார்."

"அவரையே முடிவு பண்ணச் சொல்லுங்க மேடம். பெரியவரு."

நான் திரும்பினேன். "உங்களையே முடிவு பண்ணச் சொல்றாங்க சார்."

ரத்தினவேல் வெளியூரிலிருந்து வந்த சேதியைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். "அப்படியா சொன்னான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதுதான் மேனேஜர் நாற்காலி என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டு போய் உட்கார்ந்தேன்.

மத்தியானம் பரிமளா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வெட்டுக் கூடத்தில் கொட்டை உடைக்கும் பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர்.

"சிரிக்காதீங்க மேடம். நீங்க கேட்டீங்கள்ல, வேலை என்னன்னு. அதுதான் வேலை. அங்கிட்டு சொல்றதை இங்கிட்டு சொல்லணும், இங்கிட்டு சொல்றதை அங்கிட்டு சொல்லணும். உங்களுக்கு முன்னாடி கோபிநாத்னு ஒருத்தர் இருந்தாரு. கழுத்து வலி வந்து நின்னுட்டாரு. ஒரு பக்கமாவே திரும்பியிருந்தா பொழைச்சிருப்பாரு."

"எதுக்குப் பேசிக்க மாட்டாங்க?"

"பெரியவரு மக கல்யாணப் பத்திரிகைல, கீழே பேரு போடுவாங்கள்ல, அதுல சின்னவரு பேரு பெரியவரோட மச்சினன் பேருக்குக் கீழே வந்துருச்சு. அச்சடிச்சவன் மாத்திட்டான்னு பெரியவரு சொல்றாரு. நீங்க சொல்லாம அவன் எப்படி மாத்துவான்னு சின்னவரு கேக்கறாரு. அதுவும் அப்ப கோபிநாத்கிட்டத்தான் கேட்டாரு."

நான் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண். காலையில் கீரனூர் வந்து, அங்கிருந்து புதுக்கோட்டை வந்து, மூன்றாவது பஸ்ஸில் ஆலைக்குப் போவேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எம்.பி.ஏ.வில் படித்ததெல்லாம் நினைவுக்கு வரும். திட்டமிடுவது, பணிகளைப் பிரிப்பது, வழிநடத்துவது, சரிபார்ப்பது. ஒரு பணியாளருக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதற்கு நான் பரீட்சையில் நல்ல விடை எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் அந்த விதி தெளிவாக இருக்கும். ஆலை வாசலில் இறங்கியதும் அது பஸ்ஸோடு போய்விடும். உள்ளே போய் உட்கார்ந்தால் அந்த அறை எனக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தேசங்களாகத் தெரியும். எல்லையில் நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தேன். ஆனால் இரண்டு தேசத்திலும் பேசியது ஒரே மொழி. நான் என்னத்தை மொழிபெயர்க்கிறேன் என்பதுதான் விளங்கவில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். யார் யாரைக் கேட்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய தாளில் கட்டங்கள் போட்டேன். மேலே இரண்டு முதலாளிகள், பக்கத்தில் பக்கத்தில். கீழே நான். எனக்குக் கீழே பரிமளா, பாய்லர் பார்க்கும் ஜெரால்டு, மற்றவர்கள். கோடுகள் இழுத்து, நிறம் தீட்டிச் சுவரில் ஒட்டினேன்.

மறுநாள் ரத்தினவேல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "ஆத்தா, எம் பேரு ஏன் எடப்பக்கம் இருக்கு?"

"மூத்தவர் பேரு மொதல்ல வரட்டும்னுதான் சார்."

அவர் திருப்தியாகப் போய் உட்கார்ந்தார். உடனே பின்னாலிருந்து, "அப்ப நான் ரெண்டாவதான்னு கேளுங்க மேடம்" என்று வந்தது. யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தாளைப் போட்டதே நான்தான்.

பெயர்களை இடம் மாற்றினேன். வலப்பக்கம்தான் மரியாதை என்று அப்போது தம்பி சொன்னார். சாமி கும்பிடும்போதுகூட அப்படித்தானாம். வட்டமாகப் போட்டுப் பார்த்தேன். வட்டத்திலும் ஒரு பெயர் மேலே வந்தது. கடைசியில் மேல் கட்டங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, என்னிலிருந்து தொடங்கும் மிச்சத் தாளை மட்டும் ஒட்டினேன். என் கட்டத்திலிருந்து இரண்டு கோடுகள் மேலே கிளம்பி, ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றன. அதற்கு யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். நான் எடுத்துச் சொல்லாத வார்த்தை அந்த அறையில் சொல்லப்படாத வார்த்தை. ஒருநாள் சாக்கு வாங்குவதில் ஏதோ தகராறு. ரத்தினவேல் கோபத்தில், "பாதியைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு அவனை" என்றார். குணசேகரனின் பின்கழுத்து சிவந்தது. கைப்பேசியைத் தடவிய விரல் நின்றது. ஆனால் அவர் திரும்பவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் வாசலில் லாரி ஹாரன் அடித்தது. எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் ரத்தினவேல் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அதை அங்கிட்டுச் சொல்லிட்டியா?"

"மறந்துட்டேன் சார்."

"சரி, மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்."

அன்று பஸ்ஸில் வரும்போது, நான் செய்ததற்கு என் பாடத்தில் என்ன பெயர் இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மறதி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தீபாவளி நெருங்கியபோது பாய்லர் பிரச்சினை வந்தது.

ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பாய்லர் இருந்தது. கொட்டையை உடைப்பதற்கு முன்னால் ஆவியில் வேகவைக்க வேண்டும். அந்த ஆவி அதிலிருந்துதான் வரும். அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் உச்சியிலிருக்கும் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து உஸ்ஸென்று கத்தும். ஆலையில் எல்லோருக்கும் பழகிய சத்தம். "அது கத்திருச்சு, டீயைக் கொண்டா" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். கொட்டகைக்கும் வெட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். சுவரை ஒட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஜெரால்டு அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். அவர் அப்படி எல்லாம் செய்கிற ஆள் இல்லை.

"மேடம், வால்வு கத்தவே மாட்டேங்குது. பிரஷர் முள்ளு செவப்புக் கோட்டுக்கு மேல நிக்குது. தீயைக் கொறைச்சு வச்சிட்டு வந்திருக்கேன். எனக்கு அது கிட்ட போகவே பயமா இருக்கு."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு நாளா சத்தமே இல்ல. தீபாவளி சமயம், சொன்னா வைவாங்கன்னு இருந்துட்டேன்."

ரத்தினவேல் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "ஆத்தா, அங்கிட்டுச் சொல்லு. இந்தப் பழைய பாய்லரை வாங்காதேன்னு நான் அன்னைக்கே சொன்னேன். வாங்குனவன் சொல்லட்டும் நிறுத்தச் சொல்லி."

நான் திரும்பிச் சொன்னேன்.

குணசேகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க சொல்லுங்க மேடம். சர்வீஸ் பண்ண ஆளு திருச்சிலேருந்து வர்றேன்னான். சீசன்ல வேணாம்னு தடுத்தது யாரு? தடுத்தவரு சொல்லட்டும்."

நான் திரும்பிச் சொன்னேன்.

"வாங்கினதே தப்பு, அதுல சர்வீஸ் எதுக்கு?"

"அவரு காலத்துல வெறகுல வறுத்த மாதிரி இப்பவும் வறுக்கலாம்னு நெனைக்கிறாரா?"

"அந்த வறுவல்லதான் இவனைப் படிக்க வச்சேன்."

என் கழுத்து அங்கும் இங்கும் போய் வந்தது. கோபிநாத் ஏன் போனார் என்று அப்போது புரிந்தது. ஜெரால்டு வாசலில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்து நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன்.

"நீங்க போய் நிறுத்துங்க. நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா எப்படிங்க மேடம்?"

"நான்தானே மேனேஜர்."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க போஸ்ட்மேன் மாதிரி. போஸ்ட்மேன் சொன்னாருன்னு யாராச்சும் கெணத்தை மூடுவாங்களா? போன வருசம் சின்னவரு சொன்னாருன்னு ஒரு நா நிறுத்தினேன். பெரியவரு என்னை ஒரு வாரம் கேட்டுக்கு வெளிய உக்கார வச்சாரு. உள்ள வர்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் சொல்லணும். அதுதான் இங்க சட்டம்."

"வெடிச்சா?"

"அதுக்குத்தான் மேடம் சொல்றேன், சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க. அந்தச் சொவத்துக்கு அந்தாண்ட நம்ம பரிமளா அக்கா எல்லாம் இருக்காங்க."

கூடத்திலிருந்து வெட்டுக் கருவிகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் பெரிதாகச் சிரித்தாள். அவர்களை வெளியே வரச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்கும் இதே பதில்தான் கிடைக்கும்.

நான் உள்ளே போனேன். ஜெரால்டு என் பின்னால் வாசலுக்கு வந்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பழக்கத்தில் கழுத்து அண்ணன் பக்கம் திரும்பியது. பழக்கத்திலேயே வாயும் திறந்தது.

"சார், பாய்லரை நிறுத்திடலாம்னு அவங்க சொல்றாங்க."

குணசேகரன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் தோள் லேசாக அசைந்தது. அவர் மறுக்கும் முன் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"சார், நிறுத்திடலாம்னு அவங்களும் சொல்றாங்க."

ரத்தினவேலின் கையிலிருந்த நாளிதழ் அசையாமல் நின்றது.

இருவரும் இரண்டையும் கேட்டார்கள். தான் அப்படிச் சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும். அப்படியானால் மற்றவரும் சொல்லியிருக்க மாட்டார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் யாராவது ஒருவர், "நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டால், மற்றவர் இறங்கி வந்ததாக நான் சொன்னதும் சேர்ந்து பொய்யாகிவிடும். அதை இழக்க இருவருக்கும் மனமில்லையோ என்னவோ. அப்படித்தான் நான் பின்னால் யோசித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை.

மின்விசிறி சுற்றியது.

"அப்ப நிறுத்திரவா?" என்றார் ஜெரால்டு.

அவர் முதலில் பெரியவரைப் பார்த்தார். பிறகு சின்னவரைப் பார்த்தார். இரண்டு முதுகுகள். ரத்தினவேல் நாளிதழின் பக்கத்தைப் புரட்டினார். குணசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜெரால்டு அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஓடினார். செருப்பை மாட்டவில்லை.

தீயை வெளியே இழுத்துப் போட்டு அணைத்தார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். பரிமளா என்னிடம், "யாரு மேடம் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும்" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் தலையில் போட்டிருந்த துணியை அவிழ்த்து உதறினாள்.

மறுநாள் திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்து வால்வைக் கழற்றினார். உள்ளே உப்பு படிந்து கல்லாக இறுகியிருந்தது. அதைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். நான் கேட்டேன், நிறுத்தாமல் இருந்திருந்தால் வெடித்திருக்குமா என்று.

"இது தெறந்திருக்காது மேடம். அது மட்டும்தான் சொல்ல முடியும். பிரஷர் அவ்வளவு ஏறியிருக்குமா, ஏறியிருக்காதான்னு எனக்கு எப்படித் தெரியும்? முள்ளும் ஒழுங்கா வேலை செய்யல பாருங்க. அதுபாட்டுக்கு ஒரு கணக்குக் காட்டுது."

ஆம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் அன்று பஸ்ஸில் என் மனம் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும்.

திங்கட்கிழமை புது வால்வு வந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை முந்திரிப் பருப்பு எடுக்க வந்த தஞ்சாவூர் வியாபாரியின் வண்டி வெறுமனே திரும்பிப் போயிருந்தது. இனி வேறு ஆலையில் வாங்கிக்கொள்வதாக அவர் போனில் சொல்லிவிட்டார். அந்த வியாபாரி இவர்களுடைய அப்பா காலத்திலிருந்து வருகிறவர். சுவரில் மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தை ரத்தினவேல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆத்தா, அங்கிட்டுக் கேளு. யாரு நிறுத்தச் சொன்னதுன்னு."

திரும்பினேன். "யாரு நிறுத்தச் சொன்னதுன்னு கேக்கறாங்க சார்."

"அவரு சொன்னதாத்தான் என் காதுல விழுந்துச்சு" என்றார் குணசேகரன்.

திரும்பினேன். சொன்னேன்.

"அவன் சொன்னதாத்தான் என் காதுல விழுந்துச்சு."

மறுபடி திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. கீரனூரில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் கேட்டிருந்தார்கள்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். எந்தப் பக்கமும் பார்க்காமல், அப்பாவின் படத்தைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேருமே சொல்லல."

ரத்தினவேல் தொண்டையைக் கனைத்தார். "அங்கிட்டுச் சொல்லு. இந்தப் பொண்ணு ரெண்டு பேரு வாயிலயும் பொய்யைத் திணிச்சிருச்சுன்னு."

அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சார், இந்தப் பொண்ணு ரெண்டு பேரு வாயிலயும் பொய்யைத் திணிச்சிருச்சாம்."

"எனக்கும் தெரியும்னு சொல்லுங்க."

"அவங்களுக்கும் தெரியுமாம் சார்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்னு சொல்லு."

"அவங்களுக்கு அன்னைக்கே தெரியுமாம்."

"அன்னைக்கே தெரிஞ்சவரு ஏன் வாயைத் தெறக்கலையாம்? கேளுங்க மேடம்."

நான் பாதி திரும்பிய நிலையில் நின்றுவிட்டேன். அதை எடுத்துச் சொன்னால் அதே கேள்வி அங்கிருந்து இங்கே திரும்பி வரும். அதற்குப் பிறகு அவர்கள் நேராகப் பேச வேண்டியிருக்கும், அல்லது பாதியைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எது நடந்தால் நல்லது என்றும் தெரியவில்லை. வெளியே லாரி எதுவும் வரவில்லை. கேள்வி என் வாயிலேயே இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். பிறகு ரத்தினவேல் நாளிதழை எடுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஜெரால்டு வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை செருப்போடு வந்திருந்தார்.

"வால்வு மாட்டியாச்சு. மெக்கானிக் பாத்துட்டுச் சரின்னுட்டாரு. தீ வைக்கட்டுமா மேடம்?"

அவர் பார்த்தது என்னை. இரண்டு முதுகுகளும் கேட்டன. இரண்டும் அசையவில்லை. நான் அந்தக் கேள்வியை முதலில் எந்தப் பக்கம் எடுத்துச் செல்வேன் என்று காத்திருந்தன.

"வைங்க" என்றேன்.

ஜெரால்டு போகவில்லை. தலையைச் சொறிந்தார். "யாரு சொன்னதா வச்சுக்கட்டும்?"

"தெரியல ஜெரால்டு. வைங்க."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. போனார்.

மத்தியானத்துக்குப் பிறகு, நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விடுப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொட்டகைப் பக்கமிருந்து உஸ்ஸென்று அந்தச் சத்தம் வந்தது. பழைய வால்வைவிடக் கூர்மையான சத்தம். கூடத்தில் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம்.

"ஆத்தா" என்றார் ரத்தினவேல். "அங்கிட்டுச் சொல்லு, கத்துதுன்னு."

நான் திரும்பினேன். குணசேகரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்துதாம் சார்."

"காதுல விழுதுன்னு சொல்லுங்க."

நான் இந்தப் பக்கம் திரும்பினேன்.